நம்பும்படியாக ஒரு வகுப்பு

கலை மன்றத்து நோட்டீஸில் வெள்ளை இடம் இருக்கக்கூடாது. அது தலைவர் போட்ட சட்டம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருகிற நோட்டீஸ் அது. இரண்டாக மடித்த தாள், உள்ளே கட்டம் கட்டமாக வரப்போகிற நிகழ்ச்சிகள். பழைய புகைப்படக் கண்காட்சிக்கு ஒரு கட்டம், சிறுவர் ஓவிய வகுப்புக்கு ஒன்று, நகரத்துப் பழங்கட்டடங்களைச் சுற்றிவரும் நடைப்பயணத்துக்கு ஒன்று, கதை வாசிப்புக்கு ஒன்று. இவற்றில் ஏதாவது ஒரு கட்டம் காலியாகத் தெரிந்தால் தலைவருக்கு உடம்பெல்லாம் அரிக்கும். மன்றம் தூங்கி வழிகிறது என்றல்லவா ஊர் நினைக்கும் என்பார்.

அந்த நோட்டீஸைத் தயாரிக்கிறவளுக்கு எல்லாரும் வைத்த பெயரே நோட்டீஸ் அக்கா. அவள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். குழுவின் ஒப்புதலுக்குக் காட்டுகிற மாதிரித் தாளில், இன்னும் நிச்சயமாகாத கட்டங்களில் தன் மனசுக்குத் தோன்றின நிகழ்ச்சி ஒன்றை எழுதி வைத்துவிடுவாள். பார்க்க நிறைவாக இருக்கும். ஒப்புதல் ஆன பிறகு அதை எடுத்துவிட்டு உண்மையானதைப் போட்டு அச்சகத்துக்கு அனுப்புவாள். ஒரு தடவை 'பொத்தான்களின் வரலாறு: சிறப்புரை' என்று எழுதினாள். இன்னொரு தடவை 'குறட்டை விடாமல் கச்சேரி கேட்பது எப்படி: செய்முறை விளக்கம்' என்று எழுதினாள். முன்வரிசையில் உட்கார்ந்து தூங்குகிற பொருளாளரே அதைப் படித்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தலைவர் மட்டும் சிரிக்கவில்லை.

"என்னம்மா இது விளையாட்டு? எழுதுறதுன்னா நம்பும்படியா எழுது" என்றார்.

அடுத்த முறை ஒரே ஒரு கட்டம்தான் காலி. யாரோ ஒரு பேராசிரியர் வருவதாகச் சொல்லிவிட்டு நாள் கொடுக்காமல் இழுத்துக்கொண்டிருந்தார். நோட்டீஸ் அக்கா பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். முந்தின நாள் பஸ்ஸில் அவளுக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் கைகளாலேயே பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி ஏதோ பெரிய வம்பு சொல்கிறாள் போலிருக்கிறது, மற்றவள் தோள் குலுங்கச் சிரிக்கிறாள். பஸ் முழுக்க இரைச்சல். அந்த இரண்டு பேருக்கு மட்டும் ஒரு வார்த்தைகூடச் சிந்தாமல் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. அந்த நினைப்பில் எழுதினாள். 'சைகை மொழி அறிமுக வகுப்பு. காது கேளாதவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும். சனிக்கிழமை மாலைகளில். எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கட்டணம் கிடையாது.' பக்கத்தில் விரல் விரித்த இரண்டு கைகளை அழகாக வரைந்தும் வைத்தாள். நம்பும்படியாகத்தான் இருந்தது. குழுவில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அதுவே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

கூட்டம் முடிந்த கையோடு அவளுடைய மாமியாருக்கு உடம்பு முடியாமல் போய், அவள் ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்தாள். அங்கிருந்து திரும்பி மன்றத்துக்குள் நுழைந்தபோது, மேசைமேல் அச்சான நோட்டீஸ் கட்டு இருந்தது. தலைவர் முகமெல்லாம் பல்லாக வந்தார். நீ பாவம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைகிறாயே என்று கூட்டத்தில் பார்த்த தாளை நானே அச்சகத்தில் கொடுத்துவிட்டேன், கடை கடையாகவும் போட்டாயிற்று என்றார். உதவி செய்த பூரிப்பு அவருக்கு. நோட்டீஸ் அக்கா தாளைப் பிரித்துப் பார்த்தாள். அந்தக் கட்டத்தில் இரண்டு கைகள் விரல்களை விரித்துக்கொண்டு அவளைப் பார்த்தன.

விஷயத்தைச் சொன்னதும் தலைவர் தலையைச் சொறிந்தார். ஆனால் கொஞ்ச நேரம்தான். மாநகராட்சியிலிருந்து இந்த வகுப்பைப் பற்றியே போன் வந்ததாம். இதல்லவா சமூகத்துக்குச் செய்கிற காரியம் என்று அதிகாரி ஒருவர் மனசாரப் பாராட்டினாராம். பாராட்டை வாங்கிக்கொண்டு நாளைக்கே ரத்து என்று எப்படிச் சொல்வது என்று அவர் திருப்பிக் கேட்டார். யாரம்மா வரப்போகிறார்கள், இரண்டு பேர் வந்து கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் புகைப்படக் கண்காட்சிப் படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுகிற வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

முதலில் வந்து கேட்டவர் ஒரு தையல்காரம்மா.

மத்தியான நேரம். அளவு நாடா கழுத்திலேயே தொங்கியது. மெஷினைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்திருக்கிறார் என்று பார்த்தாலே தெரிந்தது. நோட்டீஸை மேசையில் விரித்துக் கை படத்தின்மேல் விரலை வைத்தார்.

"இந்த வகுப்புல ரெண்டு பேரைச் சேத்துக்குவீங்களா மேடம்? என்னையும் எங்க வீட்டுக்காரரையும்."

நோட்டீஸ் அக்கா வாயைத் திறந்தாள். இது தவறிப்போய் அச்சாகிவிட்டது என்கிற வார்த்தை நுனி நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்த அம்மா பதிலுக்கெல்லாம் காத்திருக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டார். ரொம்ப நாளாகப் பேச ஆளில்லாமல் இருந்தவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

அவர் புருஷன் கொத்தனார். போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்தது. இறங்கும்போது காதையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. நரம்பே செத்துவிட்டது, காதுக்கு மெஷின் வைத்தும் பிரயோசனமில்லை என்று டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். கீழேயிருந்து 'தள்ளிப் போ' என்று கத்தினால் கேட்காத ஆளைச் சாரத்தில் ஏற்ற எந்த மேஸ்திரிக்குத் துணிச்சல் வரும்? வேலை போயிற்று. மனுஷன் வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். தன் குரல் தனக்கே கேட்காததால் அவர் என்ன பேசினாலும் கத்தல்தான்.

"எங்க வீட்டுல இப்ப ரகசியம்னு ஒண்ணு கிடையாது மேடம். எனக்கு வயித்து வலின்னா தெருக்கோடியில இருக்கிறவங்க மாத்திரை கொண்டு வந்து குடுக்கிறாங்க" என்று சொல்லி அந்த அம்மாவே சிரித்தார்.

எழுதிக் காட்டலாமே என்று நோட்டீஸ் அக்கா கேட்டாள். அவருக்கு எழுத்தே தெரியாதாம். இந்த அம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் வரும். இந்த நோட்டீஸைக்கூடத் துணி தைக்கக் கொடுத்த ஒரு டீச்சர்தான் வாசித்துச் சொன்னாராம். சாப்பிடு, படு, வா, போ எல்லாம் கையில் வந்துவிடுகிறது. ஆனால் 'ஏன்' என்பதை எந்தக் கையால் காட்டுவது? 'டாக்டர் சொன்னார்' என்பதை? 'அவள்மேல் தப்பில்லை' என்பதை?

கடைசியாகச் சொன்னதுதான் விஷயம். அவர்களுக்கு ஒரே மகள், வெளியூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. மாசமாக இருக்கிறாள். நடமாடக்கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் ஏன் தன்னைப் பார்க்க வரவில்லை என்று கொத்தனார் ஓயாமல் கேட்கிறார். செவிட்டு அப்பன் அவளுக்கு அவமானமாகப் போய்விட்டானா என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்கிறார். ஒரு நாள் இந்த அம்மா பொறுக்க முடியாமல், வயிற்றைப் பெரிதாகக் காட்டி, பிறகு தரையில் படுத்துக் கண்ணை மூடிக் காட்டியிருக்கிறார். படுத்த படுக்கையாக இருக்கிறாள் என்று சொல்லத்தான். கொத்தனார் என்ன புரிந்துகொண்டார் தெரியுமா? மகள் பிள்ளையோடு செத்துப்போய்விட்டாள் என்று. சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதிருக்கிறார். பக்கத்து வீட்டார் ஓடிவந்து, போனில் மகளின் முகத்தைக் காட்டின பிறகுதான் அடங்கினார். அடங்கினவருக்கு இன்னும் கோபம். நன்றாகத்தானே இருக்கிறாள், சிரிக்கிறாள், பிறகு வந்து பார்த்தால் என்ன என்று. இப்போது மகள் போனில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாராம். அந்தப் பெண் அங்கே படுத்தபடிக்கு அழுகிறாளாம்.

"பிரசவத்துக்குள்ள அவருக்கு இது வெளங்கிடணும் மேடம். அவளுக்கு ஏதாவது ஒண்ணுன்னா, அப்பா பேசலையேங்கிற குறையோட..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

பேச்சோடு பேச்சாக அந்த அம்மாவின் கண் நோட்டீஸ் அக்காவின் கைப்பையில் விழுந்திருந்தது. உள்துணி கிழிந்து தொங்கியது. கேட்காமலே அதை இழுத்து மடியில் போட்டு, ரவிக்கையின் கழுத்தோரம் குத்தி வைத்திருந்த ஊசியை எடுத்துத் தைக்க ஆரம்பித்தார். தைத்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். வகுப்புக்கு வரக் கொத்தனாரை எப்படிச் சம்மதிக்க வைத்தார் என்று. ஒன்றுமே செய்யவில்லையாம். இந்தக் கை படத்தைக் காட்டினாராம். பிறகு தன் வாயைத் தொட்டு, அவர் காதைத் தொட்டு, மறுபடி படத்தைத் தொட்டாராம். மனுஷன் ரொம்ப நேரம் படத்தையே பார்த்துவிட்டுச் சவரம் செய்துகொள்ளக் கிளம்பிவிட்டாராம். காது போனபிறகு அவரே நினைத்துச் சவரம் செய்துகொண்டது அன்றைக்குத்தானாம்.

"பேரை எழுதிக்க தங்கச்சி" என்றார் பையை நீட்டி. மேடம் எப்போது தங்கச்சி ஆனாள் என்பதை இருவருமே கவனிக்கவில்லை.

நீங்களே சொல்லுங்கள் கண்ணுகளா, அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்ற வார்த்தை யாருக்கு வரும்? நோட்டீஸ் அக்கா பேரை எழுதிக்கொண்டாள்.

எழுதின கையோடு, யாரையாவது பிடித்துக் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் பொய் மெய்யாகிவிடும் என்று போனும் கையுமாக உட்கார்ந்தாள். காது கேளாதோர் பள்ளிக்கூடம் எட்டாத தூரத்தில் பெரிய நகரத்தில் இருந்தது. அங்கே பேசின தலைமை ஆசிரியை நல்ல மனுஷி. எங்கள் பிள்ளைகளுக்கே ஆள் பற்றவில்லையம்மா, அடுத்த வருஷம் கேளுங்கள் என்று குழைவாகத்தான் சொன்னார். அடுத்த வருஷம் அந்தப் பிள்ளை பிறந்து நடக்கப் பழகியிருக்கும். அவர் கொடுத்த இன்னொரு எண்ணில் கிடைத்த பெண் வெளிநாடு போய்விட்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த எண் மணியடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டது அவளுக்கு.

அப்போதுதான் பஸ்ஸில் பார்த்த பெண்களின் நினைவு வந்தது. அவர்களுக்கு அந்த மொழி தெரியுமே! அன்றிலிருந்து அதே பஸ், அதே நேரம். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்புவாள். நடத்துனர் ஒரு நாள், "என்னக்கா, பஸ்ஸை வாங்குற யோசனையா?" என்று கேட்டேவிட்டார். அந்தப் பெண்கள் வரவே இல்லை.

வந்தது வேறு ஒரு நாள், வேறு ஒரு பஸ்ஸில். இவள் கடைவீதியில் ரோட்டைத் தாண்ட நின்றுகொண்டிருந்தாள். எதிர்த்திசையில் போகிற பஸ்ஸின் ஜன்னலில் அதே இரண்டு முகங்கள், அதே வேகத்தில் கைகள். நோட்டீஸ் அக்கா பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். "ஏம்மா! நில்லும்மா! உங்களைத்தான்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரோட்டில் போகிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த இரண்டு பேர் மட்டும் திரும்பவில்லை. எப்படித் திரும்புவார்கள்? பஸ் போய்விட்டது. நடு ரோட்டில் மூச்சு வாங்க நின்றபோதுதான் தான் யாரைப் பார்த்துக் கத்தினோம் என்று அவளுக்கே விளங்கியது. சிரிப்பு வந்த மாதிரியும் இருந்தது, அழுகை வந்த மாதிரியும் இருந்தது.

முதல் வகுப்புக்கான சனிக்கிழமை நெருங்க நெருங்க, இன்னும் சிலரும் வந்து பெயர் கொடுத்துவிட்டுப் போனார்கள். பேச்சு வராத குழந்தையின் தாய் ஒருத்தி, காது மந்தமான அண்ணனுக்காக ஒரு தம்பி. தலைவரிடம் போய் நின்றாள். ரத்து என்று ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டிவிடலாம் என்றாள். தலைவர் ஒட்டுகிற பேச்சே எடுக்காதே என்றார். முதல் வகுப்பன்று படம் எடுத்து மாநகராட்சிக்கு அனுப்ப வேண்டுமாம். யோசித்துக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று முகம் மலர்ந்தது.

"நம்ம நடன டீச்சர் இருக்காங்களே! அவங்களும் கையாலதானேம்மா பேசுறாங்க?"

நடன டீச்சர் கூச்சப்பட்ட மனுஷி. மன்றத்து மாடியில் வாரத்தில் பாதி நாள் பிள்ளைகளுக்கு ஆடக் கற்றுக்கொடுக்கிறவர். எங்கள் கை வேறு, அவர்கள் கை வேறு சார் என்று ஆனமட்டும் சொல்லிப் பார்த்தார். கலை எல்லாம் ஒன்றுதான் என்று தலைவர் ஒரு சின்னச் சொற்பொழிவே ஆற்றினார். ஒரு நாள் சமாளியுங்கள், அதற்குள் ஆள் கிடைத்துவிடும் என்று முடித்தார். மாடி அறை மன்றத்துடையது. டீச்சர் சம்மதித்துவிட்டார். நோட்டீஸ் அக்காவும் தடுக்கவில்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள் கிடைத்தால் அதற்குள் ஏதாவது வழி பிறக்காதா என்று அவளுக்கும் ஒரு நப்பாசை.

அதற்குப் பிறகும் மனசு கேட்காமல், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வெள்ளிக்கிழமை தையல் கடையைத் தேடிப் போனாள். கடை வீட்டு முன்னறைதான். வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். கொத்தனார் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். சிமெண்டு தின்று தின்று மரக்கட்டையாக இறுகிப்போன விரல்கள். அந்த அம்மா அவருக்கு எண்ணெய் போட்டு ஒவ்வொரு விரலாக நீவிவிட்டுக்கொண்டிருந்தார். கொத்தனார் விரல்களை விரிப்பதும் மடக்குவதுமாக, நோட்டீஸில் இருந்த படம் மாதிரியே வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் வளையணும்! நாளைக்கு எல்லாரு முன்னாடியும் விரல் மடங்கலைன்னா மானம் போயிரும்!" என்றார். தெருவுக்கே கேட்டது.

நோட்டீஸ் அக்கா வாசலைவிட்டு நகர்ந்து, பக்கத்துக் கடையில் வேண்டாத ஒரு நூல்கண்டை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

சனிக்கிழமை மாலை, கீழ் அறையில் வாட்ச்மேன் நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டிருந்தார். கொத்தனார் தம்பதி முதலில் வந்தார்கள். அவர் சலவைச் சட்டை போட்டிருந்தார். நடு நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். பிறகு அந்தத் தாயும் குழந்தையும், தம்பியும் அண்ணனும், வேடிக்கை பார்க்க வந்த இரண்டு கல்லூரிப் பெண்கள். தலைவர் வரவேற்றுப் பேசினார். எல்லாரையும் கைகளைத் தூக்கச் சொல்லிப் படம் எடுத்தார். எடுத்தவுடன் கண்காட்சிக்கு ஆள் வந்துவிட்டார்கள் என்று கிளம்பிவிட்டார்.

நடன டீச்சர் நடுவில் வந்து நின்றார். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நிமிர்த்தி மற்றவற்றை மடக்கித் தலைப்பக்கம் கொண்டுபோனார்.

"இது மான்" என்றார் மெல்ல.

எல்லாரும் செய்தார்கள். கொத்தனாருக்கு விரல் ஒத்துழைக்கவில்லை. இடது கையால் வலது கை விரலைப் பிடித்து மடக்கி மடக்கிக் கடைசியில் கொண்டுவந்துவிட்டார். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். "மானு! மானுதானே இது?" என்று கூரை அதிர்ந்தது. அந்தச் சின்னக் குழந்தை அவரைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தது. அவரும் சிரித்தார். அடுத்து பறவை. அடுத்து பூ விரிவது. அடுத்து மலை. டீச்சருக்கு ஆசிரியை புத்தி வந்துவிட்டது, பூவின் இதழை இன்னும் தளர்த்துங்கள் என்று திருத்தினார். கொத்தனார் ஒவ்வொன்றையும் செய்து மனைவியிடம் காட்டினார். அந்த அம்மாவும் செய்தார். ஆனால் மலைக்கு வரும்போது அந்த அம்மாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. நோட்டீஸ் அக்கா சுவரோரம் நின்று அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தையல்காரம்மா கையைத் தூக்கினார்.

"டீச்சர், 'டாக்டர்தான் வரவேணாம்னு சொன்னாரு'ன்னு எப்படிக் காட்டணும்?"

டீச்சரின் கை பாதி மலையிலேயே நின்றுவிட்டது. அவர் நோட்டீஸ் அக்காவைப் பார்த்தார். அதெல்லாம் பின்னால் வரும் என்று ஏதோ முணுமுணுத்தார்.

"அது பெரிசுன்னா வேணாங்க. 'ஏன்'னு கேட்டா என்ன பதில் காட்டுறதுன்னு, அது மட்டும் இன்னைக்குச் சொல்லிக் குடுத்தாப் போதும். நான் ராத்திரியே..."

டீச்சரின் கண் கலங்கிவிட்டது. கையைக் கீழே போட்டார்.

இனி ஒளிய இடமில்லை. நோட்டீஸ் அக்கா சுவரைவிட்டு முன்னால் வந்தாள்.

"அக்கா, இது அந்த மொழி இல்ல. இது நடனத்துல பிடிக்கிற கை. அந்த மொழி தெரிஞ்சவங்க இங்க யாரும் இல்ல. தேடினேன், கிடைக்கல. இப்படி ஒரு வகுப்பே கிடையாதுக்கா. நோட்டீஸ்ல ஒரு கட்டம் காலியா இருந்துச்சு. நான் சும்மா எழுதினது."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அந்தத் தாய் குழந்தையின் கையிலிருந்த பூவை மெல்லப் பிரித்துவிட்டுத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். தம்பி அண்ணனின் தோளைத் தொட்டான்.

தையல்காரம்மா நோட்டீஸ் அக்காவையே பார்த்தார். "சும்மாவா?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை. சரியாகக் கேட்டோமா என்று கேட்கிற மாதிரி கேட்டார்.

கொத்தனார் இன்னும் மலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். டீச்சர் முகத்தைப் பார்த்தார், மனைவி முகத்தைப் பார்த்தார், எழுந்து நிற்கிறவர்களைப் பார்த்தார். ஏதோ ஆகிவிட்டது என்பது அவருக்குத் தெரிந்தது. முழங்கையால் மனைவியை மெல்ல இடித்தார்.

"என்ன சொல்றாங்க?"

அறை முழுக்க அதிர்ந்தது. எல்லாருக்கும் கேட்டது. எல்லாருக்கும் பதிலும் தெரியும். அந்த அம்மா கையைத் தூக்கினார். தூக்கின கை என்ன செய்வது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது. டீச்சரைக் காட்டினார். இல்லை என்று தலையை ஆட்டினார். பிறகு வேறு வழியில்லாமல், வா போகலாம் என்று வாசலைக் காட்டினார்.

கொத்தனார் வாசலைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது.

"ஓ, இவங்க இல்லையா! வேற டீச்சரு வராங்களா?" என்று தலையை ஆட்டிக்கொண்டார்.

எழுந்து, தன் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். விரல்கள் மறுபடி இறுகிவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினார். அந்த அம்மா அவர் தோளைத் தொட்டார். அவர், இரு, வரட்டும் என்பதுபோல் அந்தக் கையைத் தட்டிக்கொடுத்தார்.

அந்த அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். நோட்டீஸ் அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். வாசலில் ஒவ்வொரு நிழல் தட்டும்போதும் கொத்தனார் எழுந்திருக்கப் பார்த்தார்.